ஆறு குழு, ஐந்து மணித்தியாலம், மனதில் நின்றது ஒரு பாட்டு: சனிக்கிழமை கடற்கரை இசை இரவு பற்றி

உவர்மலையான் | ஞாயிறு, காலை 9.15

நேற்றிரவு திருகோணமலைக் கடற்கரைத் திடலில் நடந்த உள்ளூர் இசைக்குழுக்களின் நிகழ்ச்சிக்கு மனைவி, மகளோடு போயிருந்தேன். ஆளுக்கு ஆயிரம் ரூபா டிக்கெட். காசு போனதைப் பற்றி எழுத வரவில்லை. எங்கள் ஊர்ப் பெடியள் மேடையேறுகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து காத்திருந்தவன் நான். திரும்பி வரும்போது ஓட்டோவில் மூன்று பேரில் ஒருவர்கூட ஒரு பாட்டையும் முணுமுணுக்கவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

ஏழு மணிக்குத் தொடக்கம் என்று போட்டிருந்தார்கள். முதல் பாட்டு வந்தபோது எட்டு ஐம்பது. அதற்குள் மகள் இரண்டு சரை கச்சான் கடலை முடித்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு குழுவும் இறங்கி அடுத்த குழு ஏற இருபது, இருபத்தைந்து நிமிடம். போனில் நேரம் குறித்து வைத்தேன். எட்டு ஐம்பதிலிருந்து பன்னிரண்டு இருபது வரை மூன்றரை மணித்தியாலம். அதில் பாட்டு ஒலித்தது ஒரு மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும். மிச்ச நேரமெல்லாம் வயர் கழற்றுவதும் பூட்டுவதும், 'ஹலோ, ஹலோ' என்பதும்தான்.

இரண்டாவது குழுவில் இரண்டு கித்தார். ஒன்றுக்கொன்று சுருதி சேரவில்லை. நான் முன்வரிசையில், இடதுபக்க ஓரத்தில் இருந்தேன், அதனால் கிட்டப் பார்த்தேன். மெலிந்த பெடியன் ஒருவன் முழங்காலில் கித்தாரைச் சாய்த்து, அதன் மரத்தில் காதை ஒட்டிக்கொண்டு மூன்றாவது கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். பின்னால் ட்ரம்ஸ்காரர் நிறுத்தாமல் அடித்துப் பார்க்கிறார். கீபோர்ட்காரர் வேறு ஏதோ பாட்டின் தொடக்கத்தை வாசித்துப் பார்க்கிறார். அந்தப் பெடியன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். ஒருவரும் நிறுத்தவில்லை. அதற்குள் அறிவிப்பாளர் குழுவின் பெயரைச் சொல்லிவிட்டார். அவன் எழும்பி நின்று அப்படியே வாசித்தான். சுருதி விலகுகிற இடமெல்லாம் அவன் முகம் சுருங்கியது. அவ்வளவு நல்ல காது அவனுக்கு. அந்தக் காதுக்கு ஒரு நிமிட அமைதி கொடுக்க அந்த மேடையில் ஒருவரும் இல்லை.

ஒரே சினிமாப் பாட்டை மூன்று குழு பாடின. பேஸ் கித்தார் வாசிப்பவரின் விரல் ஓடுவது தெரிகிறது, சத்தம் ஒன்றும் வரவில்லை. பாடகர்களில் பாதிப் பேர் போனைப் பார்த்துப் படித்தார்கள், அந்த வெளிச்சம் முகத்தில் நீலமாக அடித்தது.

ஆனால் ஐந்தாவது குழுவில் ஒரு பிள்ளை கிண்ணியாப் பாதையைப் பற்றி, அதாவது அக்கரைக்கு ஆள் ஏற்றிய மிதவையைப் பற்றி, ஒரு பாட்டுப் பாடினாள். சொந்தப் பாட்டாம். பாலம் வருவதற்கு முன்னால் சனமும் சைக்கிளும் ஆடும் பாதையில் ஏறி அக்கரை போன காலத்தைப் பற்றியது. இரண்டாவது சரணத்தில் மைக் ஊளையிட்டது. அப்படியிருந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 2009இல் அந்த 396 மீற்றர் பாலம் திறந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பாதை என்றால் என்னவென்றே தெரியாது. என் மகள் அந்த இடத்தில்தான் "பாதை எப்படி அப்பா தண்ணியில் போகும்?" என்று கேட்டாள்.

எங்கள் பெடியளிடம் திறமை இருக்கிறது. ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்பதில்லை. நேற்று நான் கண்ட குறை அதுதான். போனவர்கள் சொல்லுங்கள், எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றியதா?

சாம்பல்தீவு நிலா | ஞாயிறு, காலை 10.02

நானும் வந்திருந்தேன் அண்ணா. நாங்கள் நடுவில், இரண்டாம் சோடி ஸ்பீக்கருக்குக் கொஞ்சம் பின்னால் இருந்தோம். எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்டது. 'வா' என்றால் 'வா வா' என்று வருகிறது. கொஞ்ச நேரத்தில் தலை இடித்தது. முதலில் அது வேண்டுமென்றே போட்ட எக்கோ என்று நினைத்தோம், ஆனால் அறிவிப்பாளர் பேசும்போதும் அப்படியேதான்.

பதினொரு மணிக்கே எழும்பி வந்துவிட்டோம். பாதைப் பாட்டைத் தவறவிட்டது இப்போதுதான் தெரிகிறது. கவலையாக இருக்கிறது.

வயர்ச்சுருள் | ஞாயிறு, பிற்பகல் 12.40

வணக்கம். இருபத்திரண்டு வருடமாகச் சவுண்ட்ஸ் தொழில் செய்கிறவன். அந்த நிகழ்ச்சிக்குச் செய்தது நான் இல்லை. செய்தவரைத் தாக்கவும் வரவில்லை. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் சொன்னவற்றுக்குக் காரணம் உண்டு, எல்லாம் திருத்தக்கூடியவை. அடுத்த நிகழ்ச்சி செய்கிறவர் யாராவது வாசிப்பார் என்று எழுதுகிறேன்.

நிலா தங்கச்சி சொன்ன இரட்டைக் குரல். மேடையிலிருந்து ஐம்பது மீற்றர் தள்ளி இரண்டாம் சோடி ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வயர் வழியாகச் சிக்னல் அங்கே உடனே போய்விடும். ஆனால் மேடை ஸ்பீக்கரின் சத்தம் காற்றில் ஓடித்தான் வரவேண்டும், செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர். ஐம்பது மீற்றர் ஓட ஒரு செக்கனில் ஏழில் ஒரு பங்கு எடுக்கும். அதனால் பக்கத்து ஸ்பீக்கர் முதலில் சொல்கிறது, மேடை பிறகு சொல்கிறது. பின் சோடியை அதே அளவு, அதாவது 150 மில்லிசெக்கன் அளவில், பிந்த வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இப்போது வரும் டிஜிட்டல் மிக்ஸரில் ஒரு நிமிட வேலை. இடைவெளியை மட்டும் அளக்க வேண்டும். நான் காலடி வைத்துத்தான் அளப்பேன்.

பேஸ் கேட்காதது. பெரிய பேஸ் பெட்டிகளை மேடையின் இரண்டு முனையிலும் வைப்பது எங்கள் வழக்கம், பார்க்க அழகு. ஆனால் 40 ஹேர்ட்ஸ் சத்தத்தின் ஓர் அலை எட்டரை மீற்றர் நீளம். இரண்டு முனையிலிருந்தும் வரும் அலை நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்து கொழுக்கும். ஓரத்தில் சில இடங்களில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். உவர்மலையான் இருந்த இடது ஓரம் அப்படியான இடமாக இருந்திருக்கலாம். பெட்டி எல்லாவற்றையும் நடுவில் ஒன்றாக அடுக்கினால் இந்தப் பிரச்சினை இல்லை.

அப்புறம் காற்று. இது எங்கள் ஊருக்கே உரிய விசயம். பகலில் கடலிலிருந்து வீசும் காற்று இருட்டிய பிறகு அடங்கி, இரவு ஏற ஏறத் தரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். கச்சான் காற்றுக் காலத்தில் இன்னும் பலமாக வீசும். மேடை கடலுக்கு முதுகு காட்டி நின்றால் சத்தம் எதிர்க்காற்றில் வரவேண்டும். நிலத்துக்குக் கிட்டக் காற்று மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் வீசும், அதனால் எதிர்க்காற்றில் வரும் சத்தம் மேல்நோக்கி வளைந்து போய்விடும். பின்னால் இருக்கிறவர்களின் தலைக்கு மேலால் பாட்டுப் போகும். மேடையைத் தரைப்பக்கம் போட்டு, சனத்தை மணலில் கடல்பக்கம் இருத்தினால் காற்றே பாட்டைக் கொண்டுவந்து கொடுக்கும். நான் இரண்டு தடவை அப்படிச் செய்தேன். இரவு வலைக்குப் போனவர்கள் மறுநாள் வந்து இன்ன பாட்டு நன்றாக இருந்தது என்று சொன்னார்கள்.

மைக் ஊளைக்குப் பாடகரும் ஒரு காரணம். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் படத்தைப் பார்த்து வந்தது. முன்னால் வரும் குரலை மட்டும் எடுக்கும்படி செய்த மைக் அது. பொத்தினால் நாலு பக்கத்தையும் எடுக்கத் தொடங்கும், பாடகருக்குக் கேட்க மேடையில் வைக்கிற காலடி ஸ்பீக்கரின் சத்தமும் சேர்ந்து உள்ளே போகும். தண்டில் பிடியுங்கள் பிள்ளைகளே.

குச்சி இரண்டு | ஞாயிறு, மாலை 5.30

நேற்று வாசித்தவர்களில் நானும் ஒருவன். எந்தக் குழு என்று சொல்லவில்லை, மற்றப் பெடியளைக் கேட்காமல் எழுதுகிறேன்.

உவர்மலை அண்ணை எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை, ஏனென்றால் கித்தார் சுருதி சேர்க்கும்போது அடித்துக்கொண்டிருந்த ட்ரம்ஸ்காரனாக நானும் பல மேடையில் இருந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். நாலு மணிக்குச் சவுண்ட் செக் என்றார்கள். நாலுக்கு நாங்கள் போய்விட்டோம். மேடைப் பலகை ஐந்தரைக்கு வந்தது, ஜெனரேட்டர் ஆறு நாற்பதுக்கு. ஆறு குழுவுக்கும் சேர்த்து ஒரே ட்ரம்ஸ் செட், அதில் கால் பெடலின் ஸ்பிரிங் போயிருந்தது. என் முன்னால் இருந்த ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. பாடுகிறவரின் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. அவருடைய தோள் அசைவதைப் பார்த்துத்தான் நாலு பாட்டும் அடித்தேன். கேட்காமல் வாசிக்கிறார்கள் என்று அண்ணை எழுதியது உண்மை. கேட்க ஆசைப்பட்டும் கேட்காத மேடையும் உண்டு.

பயிற்சி எத்தனை நாள் என்றால், நாலு நாள். பேஸ் வாசிப்பவர் கொழும்பில் வேலை, வெள்ளி இரவு ரயிலில் வந்தால்தான் உண்டு. கீபோர்ட்காரர் கந்தளாயில். ஒருவர் வீட்டு முன்கூடத்தில்தான் பயிற்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு சாதாரண தரப் பரீட்சை என்றதும் அதையும் நிறுத்தினோம். அவர்களைப் பிழை சொல்ல முடியாது. 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபது வரை ஏறியபோது கம்பி விலையும் சேர்ந்து ஏறியது. அதற்குப் பிறகு அறுந்த கம்பியை மட்டும் மாற்றுகிறோம், ஒரு செட்டாக மாற்றுவதில்லை. பழைய கம்பியும் புதுக் கம்பியும் கலந்தால் சுருதி எப்படி நிற்கும்? அதோடு கடல் ஈரம்.

இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. நேற்று நன்றாக வாசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தும் நித்திரை வரவில்லை.

உவர்மலையான் | ஞாயிறு, மாலை 6.05

தம்பி, இதை எழுத மனம் வந்ததே பெரிய விசயம். குரல் கேட்காமல் அடித்தீர்கள் என்பது கீழே இருந்த எங்களுக்குத் தெரியாது. என் எழுத்து உங்களை நோகடித்திருந்தால் மன்னியுங்கள். அந்த மெலிந்த பெடியன் உங்கள் குழுவில் என்றால் நான் எழுதியதை அவனுக்குச் சொல்லுங்கள்.

பழைய வானொலி | ஞாயிறு, இரவு 8.20

எனக்கு எழுபத்திரண்டு வயது. கடற்கரைக்குப் போகவில்லை, மணலில் நடக்க முழங்கால் விடாது. வீட்டு முற்றத்தில் இருந்து கொஞ்சம் கேட்டேன்.

இந்த ஊர் பாட்டுக்குப் பெயர் எடுத்த ஊர் பிள்ளைகளே. பரமேஸ் – கோணேஸ் சகோதரர்கள் திருகோணமலைக்காரர்கள். எங்கள் தமிழ்ப் பாட்டு இசைத்தட்டாக வந்து இலங்கை வானொலியில் ஒலித்த அந்தக் காலத்தில் நாங்கள் ஒரு வீட்டு வானொலியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று கேட்டோம். எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் என்று பொப்பிசை நாடு முழுக்கப் பரவியது. மனோகரன் தமிழ்நாட்டுக்குப் போய் அங்கே 'சிலோன் மனோகர்' ஆனார், 2018இல் சென்னையில் காலமானார். அவர்கள் பாடியது எங்கள் பேச்சுத் தமிழில், எங்கள் சாப்பாட்டையும் எங்கள் மாமியையும் எங்கள் கள்ளுக் கொட்டிலையும் வைத்து.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. கோயில் திருவிழாக் கோஷ்டிகள். சுவாமி வீதி சுற்றி வந்த பிறகு இரவு பதினொரு மணிக்குக் கோஷ்டி ஏறும், விடியத்தான் இறங்கும். ஒரு திருவிழாக் காலத்தில் ஒரு கோஷ்டி பதினைந்து, இருபது இரவு வாசிக்கும். நாலாம் நாள் பிழைத்தால் ஐந்தாம் நாள் திருத்துவார்கள். ஒரு ஆர்மோனியக்காரர் எனக்கு நண்பர். பாடகருக்குத் தொண்டை அடைத்தால் ஒரு கண் காட்டுவார், அடுத்த வரியிலேயே எல்லாரும் சுருதியில் அரைக் கட்டை இறங்கிவிடுவார்கள். கீழே இருக்கிற ஒருவருக்கும் தெரியாது.

சண்டைக் காலத்தில் இரவே இல்லாமல் போனது. ஆறு மணிக்குக் கதவடைத்த ஊரில் எந்தக் கோஷ்டி வாசிப்பது? வாசித்தவர்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனார்கள். சிலர் போகாமலே போய்விட்டார்கள். அவர்களிடமிருந்து உங்களுக்கு வரவேண்டியது வரவில்லை. நீங்கள் யூடியூப்பைப் பார்த்துக் கற்கிறீர்கள், அதில் பாட்டு இருக்கிறது, அந்தக் கண்ஜாடை இல்லை.

வருடத்துக்கு ஒரு மேடை தந்துவிட்டு, ஏன் நன்றாக இல்லை என்று கேட்பது சரியா, உவர்மலைத் தம்பி?

நிலாவெளி அலை | ஞாயிறு, இரவு 9.10

ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு விசயத்தில் மாறுபடுகிறேன்.

சுற்றுலாச் சீசனில், வைகாசியிலிருந்து புரட்டாதி வரை, நான் உப்புவெளிப் பக்கம் கிழமைக்கு மூன்று இரவு வாசிக்கிறேன். நானும் ஒரு பாடகரும் மட்டும்தான். ட்ரம்ஸ், பேஸ், வயலின் எல்லாம் மடிகணினியில் ட்ராக்காக ஓடும். ஆறு பேர் கொண்ட குழுவுக்குக் கொடுக்க எந்த விடுதிக்கும் மனமில்லை. கிழமைக்கு மூன்று இரவு வாசித்தும் நான் இன்னொரு வாத்தியக்காரரோடு சேர்ந்து வாசித்து இரண்டு வருடம். அந்த வகையில் கடற்கரையில் பிழைத்த பெடியள் என்னைவிடப் பாக்கியசாலிகள்.

மாறுபடுவது சினிமாப் பாட்டு விசயத்தில். சனம் கேட்பது அதைத்தான். பாதைப் பாட்டு வந்தபோது என் பக்கத்தில் இருந்த கதிரைகளில் பாதி இறால் வடை வாங்கப் போய்விட்டன. அடுத்து சினிமாப் பாட்டுத் தொடங்கியதும் ஓடி வந்தார்கள். தெரிந்த பாட்டைக் கேட்க வருவது பாவமில்லை. அதைச் சுத்தமாகப் பாடட்டும், போதும்.

உவர்மலையான் | ஞாயிறு, இரவு 9.45

ஐயா, நீங்கள் கேட்டது நியாயம். நான் எழுதும்போது ஒரு இரவை மட்டும்தான் பார்த்தேன்.

அலை தம்பிக்கு: சினிமாப் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய ஸ்டூடியோவில் நாற்பது வயலின் வைத்துச் செய்த பாட்டை நாலு பேர் அப்படியே கொண்டுவர முயன்றால் அது எப்போதும் குறைவாகத்தான் ஒலிக்கும். கேட்கிறவன் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பான். அதே பாட்டை நாலு பேருக்கு ஏற்றபடி பிரித்துச் செய்தால் கேட்கலாம். பாதைப் பாட்டை ஒப்பிட எங்களிடம் வேறொன்று இல்லை. அதனால்தான் அது அதுவாகவே நின்றது. வடை வாங்கப் போனவர்களும் மூன்றாம் தடவை கேட்டால் நிற்பார்கள்.

பாதைக்காரர் பேத்தி | திங்கள், காலை 6.50

நேற்று ஒரு சிநேகிதி இந்த இழையை அனுப்பினாள். அந்தப் பாட்டைப் பாடியது நான்தான்.

என் அம்மாவின் அப்பா கிண்ணியாப் பாதையில் கயிறு பிடித்தவர். பாலம் திறந்த அன்று வீட்டில் எல்லாரும் சந்தோசமாகப் போனார்களாம், அவர் போகவில்லையாம். கரையிலேயே இருந்தாராம். அம்மா அடிக்கடி சொல்வார். அதுதான் பாட்டு. வேறொன்றும் இல்லை. உங்கள் மகள் கேட்ட கேள்வியை அம்மாவுக்குச் சொன்னேன் அண்ணா, அழுதுவிட்டார்.

மற்றப் பாட்டுகளில் என் குரல் ஏன் அமுங்கிப் போனது என்றும் யாராவது கேட்டிருக்கலாம். அதையும் சொல்கிறேன், ஏனென்றால் இது பாடுகிற எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் நடக்கிறது. என் சுருதி ஐந்தரைக் கட்டை. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. கித்தார்காரருக்குக் கைக்கு லேசான இடத்தில்தான் எல்லாப் பாட்டும் பிடிக்கிறார்கள். கீபோர்ட்டில் ஒரு பட்டனை அமத்தினால் சுருதி மாறும், கித்தாரில் கம்பிகளை அமத்திப் பிடிக்கிற ஒரு கேப்போ பூட்டினால் போதும். ஆனால் பயிற்சி நாலு நாள் என்றால் அதைக் கேட்க வாய் வராது. 'கொஞ்சம் இறங்கிப் பாடுங்கோ தங்கச்சி' என்பார்கள். இறங்கினால் குரல் நெஞ்சுக்குள்ளேயே நிற்கும், மைக்குக்கு வராது. மைக்கை வாயோடு வைத்துப் பொத்துகிறோம், ஊளையிடுகிறது. வயர்ச்சுருள் அண்ணை எழுதியதை வாசித்தபோதுதான் விளங்கியது, நான் ஏன் பொத்தினேன் என்பதன் தொடக்கம் எங்கே என்று.

பாதைப் பாட்டை நான் என் சுருதியில் போட்டேன். அது ஒன்றுதான்.

இன்னொன்று. நான் மேடைக்கு வரும்போது அறிவிப்பாளர் என் உடுப்பைப் பற்றி ஏதோ சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்தார். ஆண்கள் ஏறும்போது அப்படிச் சொல்லவில்லை. முதல் வரி தொடங்கும்போது என் கை நடுங்கியது அதனால்தான்.

சாம்பல்தீவு நிலா | திங்கள், காலை 7.15

தங்கச்சி, வாசித்துவிட்டு நெஞ்சு கனத்தது. அறிவிப்பாளர் செய்தது பிழை. அடுத்த முறை நாங்கள் பெண்கள் நாலு பேர் முன்வரிசையில் இருப்போம். அப்படி ஒரு சொல் வந்தால் அந்த இடத்திலேயே எழும்பிக் கேட்போம்.

குச்சி இரண்டு | திங்கள், காலை 8.00

நாங்களும் எங்கள் பாடகியிடம் இறங்கிப் பாடச் சொல்லியிருக்கிறோம். இனிச் சொல்ல மாட்டோம்.

பாலையூற்று வயலின் | திங்கள், பிற்பகல் 2.30

நாங்கள் பறங்கியர். அப்பாவும் பெரியப்பாவும் கலியாண வீடுகளுக்கு எங்கள் ஆட்ட இசையான கப்பிரிஞ்ஞா வாசித்தவர்கள், எனக்கு வயலின் அவர்களிடமிருந்து வந்தது. சனிக்கிழமை கடைசிக் குழு பைலா வாசித்ததைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

பைலாவுக்கு ஆறு தட்டு. ஒன்று-இரண்டு-மூன்று, நாலு-ஐந்து-ஆறு. ஒன்றும் நாலும் காலுக்கு. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்றாவதையும் ஆறாவதையும் ஒரு மயிரிழை இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் இடுப்பு திரும்பும். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து எங்கள் வீடுகளில் கையிலிருந்து கைக்கு வந்தது அது. சனிக்கிழமை ஒக்டபேட் என்கிற மின்னணு ட்ரம்ஸில் ஆறையும் சமமாக வெட்டி வெட்டி அடித்தார்கள், வேகத்தையும் கூட்டிக்கொண்டே போனார்கள். சனம் ஆடியது உண்மை. அவர்கள் குதித்தார்கள். பைலாவுக்கு ஆடும்போது கால் நிலத்தை விட்டுப் போகாது.

அம்மாவுக்கு எண்பது வயது, வீட்டுக் குசினியில் தேங்காய் துருவும்போதே அந்த இழுப்போடுதான் துருவுவார். விரும்புகிற ட்ரம்ஸ்காரர் யாரும் வரலாம், சொல்லிக் கொடுக்கிறேன். காசு வேண்டாம்.

குச்சி இரண்டு | திங்கள், பிற்பகல் 2.52

எங்கே வரவேண்டும் ஐயா? எப்போது?

பாலையூற்று வயலின் | திங்கள், மாலை 4.10

என்னை அங்கிள் என்று கூப்பிட்டால் போதும். வீட்டில் இடம் காணாது. ஆனால் பக்கத்தில் என் மச்சானின் பழைய நெல் ஸ்டோர் ஒன்று சும்மா கிடக்கிறது. இருபதுக்கு முப்பது அடி. மின்சாரம் இருக்கிறது. சுற்றிவரத் தென்னங்காணி, கிட்ட வீடு இல்லை. மச்சானிடம் கேட்டேன், சனிக்கிழமைகளில் மூன்று மணியிலிருந்து எட்டு மணி வரை பாவிக்கலாம், கரண்ட் காசை மட்டும் பிரித்துக் கொடுங்கள் என்றார். கூரை தகரம்.

வயர்ச்சுருள் | திங்கள், மாலை 4.45

தகரமும் சீமெந்துச் சுவரும் என்றால் கைதட்டினாலே பளீர் பளீர் என்று திரும்பி வரும். நெல் ஸ்டோர் என்றால் பழைய சாக்கு இருக்கும்தானே? இரண்டு எதிரெதிர்ச் சுவரில் ஒரு பக்கத்துக்கு மட்டும் சாக்கைக் கயிற்றில் இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் அரை அடி தள்ளி. பேஸை அது அடக்காது, ஆனால் அந்தப் பளீர் அடங்கும். ட்ரம்ஸுக்குக் கீழே ஒரு தடித்த பாய்.

என்னிடம் ஒரு எட்டு வழி மிக்ஸரும் இரண்டு காலடி ஸ்பீக்கரும் சும்மா இருக்கின்றன. கொண்டுவந்து வைக்கிறேன். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும்படி பூட்டித் தருவது என் பொறுப்பு.

நிலாவெளி அலை | திங்கள், இரவு 10.20

இந்தச் சனி எனக்கு வேலை இல்லை. கித்தாரோடு வரலாமா? ட்ராக் கொண்டுவர மாட்டேன்.

பழைய வானொலி | செவ்வாய், காலை 6.15

ஓட்டோ பிடித்து வருகிறேன். ஒரு கதிரை போட்டு வையுங்கள். ஆர்மோனியக்கார நண்பர் இன்னும் இருக்கிறார், கை நடுங்குகிறது, காது நடுங்கவில்லை. அவரையும் கூட்டி வரப் பார்க்கிறேன்.

குச்சி இரண்டு | ஞாயிறு, காலை 10.30

நேற்று நடந்ததை எழுதச் சொன்னார்கள்.

பதினொரு பேர் வந்தோம், மூன்று குழுவிலிருந்து. முதல் ஒரு மணித்தியாலம் சாக்குக் கட்டுவதிலேயே போனது, எல்லாருக்கும் மூக்கில் நெல்தூசி. பிறகு வயர்ச்சுருள் அண்ணை ஒரு சட்டம் போட்டார்: யாராவது சுருதி சேர்த்தால் மற்றவர்கள் கையை மடியில் வைக்க வேண்டும். அந்த மெலிந்த பெடியனும் வந்திருந்தான். அவன் ஆறு கம்பியையும் சேர்த்து முடிக்கும்வரை ஸ்டோருக்குள் தென்னோலைச் சத்தம் மட்டும்தான். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான், நாங்கள் எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெட்கப்பட்டான்.

பாதைப் பாட்டை எடுத்தோம், ஐந்தரைக் கட்டையில். மொத்தம் பதினொரு தடவை வாசித்தோம். ஆறாம் தடவை வரை பேஸும் என் கால் பெடலும் ஒன்றாக விழவில்லை. ஆர்மோனிய ஐயா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, 'தம்பி, நீ முன்னுக்கு ஓடுகிறாய், துடுப்பு தண்ணியில் விழுந்த பிறகுதானே படகு போகும்' என்றார். அதற்குப் பிறகு பேஸ்காரரின் விரலைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். ஒன்பதாம் தடவை விழுந்தது. எல்லாருக்கும் அது தெரிந்தது. பாடிக்கொண்டிருந்த தங்கச்சி பாட்டை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தாள்.

பைலாவின் மூன்றாம் தட்டு இன்னும் எனக்கு வரவில்லை. அங்கிள் அடுத்த சனிக்கிழமை அவருடைய அம்மாவையும் கூட்டி வருகிறேன் என்றார்.

வயலினுக்கு ஒரு மைக் ஸ்டாண்ட் தேவைப்படுகிறது. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

உவர்மலையான் | ஞாயிறு, காலை 10.48

என்னிடம் ஒன்று இருக்கிறது. ஒரு கால் தளர்ந்து போயிருக்கிறது, கம்பி வைத்துக் கட்டிக் கொண்டுவருகிறேன். மகளும் வரவேண்டும் என்கிறாள்.